நகர மறுத்த கோர்டுகள்

இருபத்திரண்டு பேர் தேவனை டி சுருதியில் துதிக்க வாயைத் திறந்தபோது, கீபோர்டும் கிட்டாரும் அவரை எஃப் சுருதியில் துதித்தன.

தாராவித் தமிழ்ச் சபையில் அன்றைக்கு அசனம், சபை விருந்து. கோயிலுக்குப் பின்னால் அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே பாட்டு தீய்ந்துகொண்டிருந்தது. பாடகர் குழுத் தலைவி சேசம்மாள், ரிட்டயர்டு நர்ஸ், எப்போதும்போல் சுருதிக் குழலை ஊதித்தான் கையை உயர்த்தினாள். குழு அந்தக் குழலுக்கு மட்டும்தான் கீழ்ப்படியும். வாத்தியம் எந்தப் பக்கம் போனாலும் திரும்பிப் பார்க்காது. இருபது வருஷப் பழக்கம்.

டெனர் பாடும் ஆண்கள் வரிசையின் ஓரத்தில் நின்ற தனசீலனுக்கு இரண்டாவது வரியிலேயே விளங்கிவிட்டது. இது பிசாசின் வேலை இல்லை, தன் வேலை. வாயை மூடினான். உடனே பக்கத்து டெனர்கள் நாலு பேரும் மூடிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து ஆல்ட்டோப் பெண்கள், பிறகு எல்லாரும். சிக்னல் விழாத லோக்கல் ரயில் மாதிரி பாட்டு நடுவழியில் நின்றது. போதகர் இருமினார்.

‘பாவிகளா, வாயை மூடிக்கிட்டே என்னைக் காட்டிக் குடுக்கானுவளே’ என்று தனசீலன் வெந்தான்.

நடந்தது இதுதான். வாஷியில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்கான தனசீலன்தான் மூன்று வருஷமாகக் குழுவுக்குப் பாட்டுத் தாள் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறவன். வியாழக்கிழமை சேசம்மாள், “மேல பாடுத சொப்ரானோ பிள்ளைய கீச்சுங்குதுவ, கொஞ்சம் எறக்கு” என்றாள். ஒரே பொத்தான். எஃப்-பில் இருந்த சுரமெல்லாம் சமர்த்தாக டி-க்கு இறங்கின. அவற்றுக்கு மேலே வாத்தியக்காரர்களுக்காக எழுதியிருந்த கோர்டுப் பெயர்கள் மட்டும் இம்மி நகரவில்லை.

ஏன் நகரும்? கம்ப்யூட்டரின் கண்ணில் அவை கோர்டே இல்லை, வெறும் எழுத்து. கோர்டுக்கென்று இருக்கும் பெட்டியில் தனசீலன் ஒருநாளும் அடித்ததில்லை. கீபோர்டு கிறிஸ்டோவுக்கு அசல் பெயர் வேண்டும். கிட்டார் ரெனால்டுக்கு, கம்பிமேல் கேப்போக் கவ்வி மாட்டிப் பிடிக்கும் பெயர் வேண்டும். சேசம்மாளுக்கு டோ, ஃபா, சோ என்று இல்லாவிட்டால் அது இங்கிலீஷ்காரன் கணக்கு. மூன்றையும் சேர்த்து அந்தப் பெட்டியில் அடித்தால், மென்பொருள் சிவப்பாக்கி முறைத்தது. ‘போடா’ என்று அவன் எல்லாவற்றையும் சாதா எழுத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, ரேஷன் கடைப் பலகை மாதிரி அடித்து வைத்தான். சுரப் புள்ளிகளைப் படிக்காமல் எழுத்தைப் பார்த்து மட்டும் வாசிக்கும் கிறிஸ்டோவும் ரெனால்டும் ஷிஃப்டு காரணமாகப் பயிற்சிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேராக வந்தார்கள், எழுதியிருந்ததை யோக்கியமாக வாசித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை செம்பூரில் தமிழ்ச் சபைகளின் பாட்டுப் போட்டி. அதே பாட்டு.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் ஒவ்வொரு கோர்டாக அழித்து அடித்துக்கொண்டிருந்தபோது மனைவி ரீனா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, எத்தன இருக்கு?”

“இருநூத்திப் பத்து. மூணு பேருக்கும் சேத்து அறுநூத்தி முப்பது.”

“கிறிஸ்டோவக் கூப்பிடுங்களேன்.”

“அவனுக்கு என்ன தெரியும்?”

கிறிஸ்டோ வந்தான். ஒரு டீ ஆறுவதற்குள் ஏதோ மெனுவைத் திறந்தான். “அங்கிள், கோர்ட ஒருதடவ அதோட பெட்டில போடணும். அப்புறம் யாருக்கு எப்படி வேணுமோ அப்படிக் காட்டச் சொல்லணும். தேக்கோ, இங்க பாருங்க, லெட்டர். இது கேப்போவோட. இது டோ ரே மீ. பாட்ட எறக்குனா மூணும் சேந்து எறங்கும்.”

“இது எப்ப வந்துச்சு?”

“பஹுத் பெஹ்லேசே, ரொம்ப வருஷமாவே இருக்கு, அங்கிள்.”

மூன்று வருஷம். தனசீலன் மவுசை மெதுவாகக் கீழே வைத்தான். வேகமாக வைத்திருந்தால் அது சுவரில் போய் நின்றிருக்கும். வளைந்து கொடுக்காதது மென்பொருள்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தானே!

கிறிஸ்டோ அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்து, தன் போனுக்கும் அனுப்பிக்கொண்டான். அவன் போனதும்தான் தனசீலன் கணக்குப் போட ஆரம்பித்தான். தன் குரலைப் பற்றி அவனே சொல்வான்: “நான் பாடுதது டெனர்தான், எந்தப் பாட்டுக்குன்னுதான் தெரியாது.” தாளுக்காகத்தான் தன்னைக் குழுவில் வைத்திருக்கிறார்கள் என்பது அவன் மனக்கணக்கு. தாளைக் கிறிஸ்டோவே அடித்துவிடுவான் என்றால்?

இனி தான் குழுவுக்கு வேண்டுமா என்று ரெனால்டிடம் கேட்டான். “அத விடுங்க அண்ணாச்சி, அசனக் கறி எப்படி?” கிறிஸ்டோவிடம் கேட்டான். “டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க அங்கிள்.” போதகரிடம் கேட்டான். ஜெபம் பண்ணிவிட்டார். ரீனாவிடம் கேட்டான். “மொதல்ல சாப்பிடுங்க.” ஒருத்தர் வாயிலிருந்தாவது ஆமாம் இல்லை என்று ஒன்று வருமா? கம்ப்யூட்டராவது சிவப்பாகி முறைக்கும்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் போனான். சேசம்மாள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இனி தாள் அடிக்க நான் வேண்டாம். கொரலும் இப்படி. நாளைக்குச் செம்பூருக்கு நான் வரணுமா, வேண்டாமா?”

அவள் நாற்காலியைக் கீழே வைத்தாள்.

“ஒன் கொரலு சுமார்தாம்லே. பேப்பருக்கும் நீ வேண்டாம், அத அந்தப் பய அடிச்சிருவான். ஆனா டெனர் நாலு பேரும் நீ மூச்சு எடுக்கையிலதான் மூச்சு எடுக்கானுவ, நீ நிறுத்துனா நிறுத்துதானுவ. மூணு வருஷமா பாக்கேன். ஞாயித்துக்கெழம கீபோர்டு எங்கயோ போச்சு, போவட்டும், நாம பாடி முடிச்சிருப்போம். நீ வாய மூடுன பாரு, அதுலதான் எல்லாம் நின்னுச்சு. நாளைக்கு எவன் எதுல வாசிச்சாலும் நீ வாய மூடக் கூடாது. இப்ப போயி ஒன் எடத்துல நில்லு.”