நுனி சுருண்ட இலை

இப்போதெல்லாம் சாலையில் போகிறவர்களுக்கு ஒரு விரலைத் தூக்கக்கூட வலிக்கிறது. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை உயர்த்த வேண்டும். எங்கள் பக்கத்தில் வணக்கம் என்றால் அதுதான். தெரிந்தவனா தெரியாதவனா என்ற கேள்வியே கிடையாது. பெர்த் நகரத்திலிருந்து காட்டுப்பூப் பார்க்க வருகிறவர்கள் விறைத்த கழுத்தோடு போகிறார்கள். என் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு, ஆடுகள் சாலைக்கு வந்ததும் ஆடுகளைப் படம் எடுக்கிறார்கள்.

அரசாங்கம் இன்னும் மோசம். நான் இந்த மணல்வெளியை எடுத்த காலத்தில், வருஷத்துக்கு இத்தனை ஏக்கர் புதரை அழிக்காவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார்கள். இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே சங்கிலியைக் கட்டி இழுத்து அழித்தேன். இப்போது அதே அரசாங்கம், என் வேலிக்கும் சாலைக்கும் நடுவே தப்பிக்கிடக்கும் நாலு கெஜக் கீற்றில் மஞ்சள் குச்சி அடித்து, கிளை ஒடித்தால் அபராதம் என்கிறது. எந்த வாயை நம்புவது?

அந்தக் கீற்றில்தான் சிலந்திப்பூச் செடி நிற்கிறது. இடுப்பளவு உயரம், குச்சி குச்சியாய்ச் சாம்பல் இலை. செப்டம்பரில் பூக்கும், சிவப்புச் சிலந்தி காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது மாதிரி இருக்கும் பூ. எங்கள் வட்டாரத்தில் மிஞ்சியது பதினொன்று, அதில் பெரியது இது. பக்கத்துப் பண்ணை நோரின் பதினாலு வருஷமாக இதைப் பார்த்துக்கொள்கிறாள். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மாதம் ஒருமுறை வருவாள். வெளியூர்ச் சேற்றில் வேரழுகல் நோய் வந்துவிடுமாம். அதற்காக வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பூட்ஸைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட் ஊற்றிக் கழுவிய பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் காலை நான் போனபோது அதே இடத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டியிருந்தாள்.

"என்ன நோரின், காலைக் கழுவிட்டு சர்ச்சுக்கா?" என்றேன். எப்போதும் கேட்பதுதான்.

அவள் சிரிக்கவில்லை. "செடி போச்சு, க்ளெம்."

எட்டிப் பார்த்தேன். பூ ஒன்றுகூட இல்லை. கிழக்குப்பக்கம் முழுக்கப் பழுப்பு.

"வேரழுகல். நான்தான் கொண்டாந்திருக்கேன். ஜூன்ல தெற்கே தங்கச்சி வீட்டுக்குப் போனேன்ல, அந்தச் சேறு. தேய்ச்சேன்யா, நல்லாத்தான் தேய்ச்சேன். எங்கயோ ஒரு பொட்டு ஒட்டியிருக்கு." பையைக் காலால் தள்ளினாள். "பதினாலு வருஷமா ஒருத்தரையும் கிட்ட விடாம, கடைசில நானே கொன்னுட்டேன்."

இந்தச் செடிகளைக் காக்கிற பூச்சங்கத்துக்கு எழுதிய கடிதம் முன்சீட்டில் இருந்தது. மற்ற பத்துச் செடிப் பக்கமும் தன்னை விடவேண்டாம் என்று எழுதியிருக்கிறாளாம். தபாலில் போட்டுவிட்டு பூட்ஸைக் கொளுத்தப் போகிறாளாம்.

நான் இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நுனியும் பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. அந்தச் சுருளை எனக்கு நன்றாகத் தெரியும். ஆகஸ்டில் என் கோதுமைக்குள் காட்டு முள்ளங்கி மண்டிவிட்டது. மறுநாள் மழை என்று வானொலியில் சொன்னார்கள். கிழக்கிலிருந்து, இந்தக் கீற்றுப் பக்கமாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. "காத்து நிக்கட்டும்ப்பா" என்றான் என் மகன் கிராண்ட். நேற்று முளைத்த பயல் எனக்குக் காற்று சொல்லித்தருவதா என்று வண்டியை எடுத்துக் களைக்கொல்லி மருந்தடித்து முடித்தேன். பத்து நாளில் முள்ளங்கி நுனி சுருண்டது. அதற்கடுத்த வாரம், வேலிக்கு இந்தப்பக்கம் இதுவும் சுருண்டது. கிராண்டிடம் காட்டினேன். "வாயத் திறக்காத. பண்ணை இப்ப என் பேர்ல இருக்கு, அபராதம் எனக்குத்தான் வரும்" என்றான். திறக்கவில்லை. செடிதானே, நான் அழித்த ஆயிரம் ஏக்கரில் இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

ஆனால் இவள் பூட்ஸைப் பையில் கட்டுவாள் என்று நான் நினைக்கவில்லை.

"வேரழுகல்னா மொத்தமா மஞ்சளாகிச் சாயும்," என்றேன். "இது அது இல்ல."

"நீ எப்ப செடி டாக்டரான?"

"மருந்தடிச்சேன். முள்ளங்கிக்கு. கிழக்குக் காத்துல. நான்தான்."

அவள் கையிலிருந்த பிரஷ் என் நெஞ்சில் வந்து விழுந்தது. வலித்தது.

"போன தடவை வந்து இலை சுருண்டதப் பார்த்ததுலேர்ந்து மூணு வாரமா நான் தூங்கல, தெரியுமா? நீ தினம் இந்த வழியாத்தான போற? போறப்ப விரல வேற தூக்கிக் காட்டுற, கெழட்டுப் பயலே!"

அவள் பையைப் பிரித்துப் பூட்ஸை மாட்டினாள். மறுபடி தேய்த்தாள், மறுபடி ஸ்பிரிட் ஊற்றினாள். பிறகு கேனை என் பக்கம் நீட்டினாள்.

"உன் காலையும் கழுவு. வந்து பாரு, நீ என்ன பண்ணி வச்சிருக்கன்னு."

கழுவினேன். இருவரும் உள்ளே போய் மண்டியிட்டோம். அவள் அடித்தண்டில் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். "பச்சை இருக்கு. அடியிலேர்ந்து துளிர்க்கும்."

குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பழுப்பு.

"கடிதத்த என்ன பண்ணப்போற?"

"மாத்தி எழுதுவேன். உன் பேரப் போட்டு."

"என் பேர மட்டும் போடு. காத்து நிக்கட்டும்னுதான் கிராண்ட் சொன்னான். நான்தான் கேக்கல."

"நடந்தத நடந்தபடி எழுதுவேன். மத்தது அவங்க பாடு." முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். நகம் அடுத்த கிளைக்குப் போயிருந்தது.

எழுந்தேன். முழங்கால் இரண்டும் முறிந்த மாதிரி சத்தம் போட்டன. வேலியோரமாக நடந்தேன்.

"இங்கயும் பச்சை!" என்று பின்னாலிருந்து கத்தினாள். "க்ளெம்! இங்கயும்!"

"செத்த ஆடுகூட கொஞ்ச நேரம் சூடாத்தான் இருக்கும்," என்றேன். அவள் காதில் விழுந்ததா தெரியாது. நான் திரும்பவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் என் கோதுமை முழங்கால் உயரத்துக்கு, ஒரு களைகூட இல்லாமல், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.