விழுந்த தேதி

என் மனைவி அங்கயற்கண்ணி, பள்ளங்கள் துறை தோண்டிய பள்ளத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கால் வழுக்கினாள். மூன்று வருடம் விழுந்துகொண்டிருந்தாள்.

பள்ளம் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. எதற்காகத் தோண்டினோம் என்பதைப் பள்ளத்தின் அடியில் பலகையில் எழுதி வைத்திருப்பதாகத் துறை சொன்னது. அவள் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பியவள். குடையை விரித்துப் பிடித்திருந்ததால் நிதானமாக விழுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள்.

முதல் வாரம் எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்தது. "ஏங்க, பால் அடுப்புல இருக்கு" என்றாள். அணைத்துவிட்டேன் என்றேன். பிறகு குரல் மட்டும் வந்தது. காலையில் அவள் பேசியது மாலையில் மேலே வந்து சேர்ந்தது. இட்லிப் பொட்டலத்தில் கல்லைக் கட்டிப் போட்டால் எப்படியும் அவளை எட்டிப்பிடித்துவிடும். சட்னி மட்டும் வழியிலேயே புளித்துவிடுகிறது என்றாள்.

அவளை மேலே ஏற்றும்படி துறைமீது வழக்குப் போட முடிவு செய்தேன். அதற்கு ஆறு மாதக் கெடு. முதலில் துறையிடமே விழுந்த சான்று வாங்க வேண்டும். எழுத்தர் ஞானசிகாமணி மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார்.

"அம்மா விழுந்துட்டாங்களா?"

"விழுந்துக்கிட்டு இருக்காங்க சார்."

"அப்ப இன்னும் விழலை. முடிச்சதும் வாங்க. நடக்காததுக்கு எப்படி சார் சான்று குடுக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து பள்ளத்தில் குனிந்து சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "சரிங்க. குடையை மடக்கிட்டேன்."

அன்றிலிருந்து இட்லிப் பொட்டலத்தில் இரண்டு கல்லாகக் கட்டிப் போட்டேன்.

மூன்றாம் வருட முடிவில் ஒரு மதியம், தொப்பென்று ஒரு சத்தம் மேலே வந்தது. "வந்து சேர்ந்துட்டேங்க" என்றாள். "முழங்கால்ல சிராய்ப்பு. பலகையில ஒண்ணும் எழுதலை."

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். ஞானசிகாமணி வாழ்த்துச் சொல்லிச் சான்றில் முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு எழுந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, அதே சான்றை என்னிடமிருந்து வாங்கிப் படித்தார்.

"கெடு தாண்டி ரெண்டரை வருஷம் ஆச்சே சார். கால் வழுக்கின தேதியிலேர்ந்துதான் கணக்கு."

"முடிச்சதும் வாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது அந்த மேஜை" என்றார்.

அங்கயற்கண்ணியிடம், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். மூன்று வருடம் விழுந்தவளிடம் வேறு எதைச் சொல்வது?

நான்காம் நாள் துறை அவள்மீது வழக்குப் போட்டது. அரசுப் பள்ளத்தை அனுமதியின்றி மூன்று வருடம் பயன்படுத்திய குற்றம். அந்த வழக்குப் போடத் துறைக்கு முப்பது வருடம் அவகாசம் உண்டு. நான்கே நாளில் போட்டார்கள். அரசாங்கத்தில் வேலை நடப்பதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

நீதிமன்ற அமீனா பிச்சாண்டி சம்மனோடு வந்தார். கல்லைக் கட்டிப் போட்டுவிடலாமே என்றேன்.

"நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்கணும்" என்றவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வருஷம்."

"வர்ற ஆனியோட எனக்கு ரிட்டயர்மென்ட்." சிறிது யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது. "டூட்டியில இருக்கிற ஆளைப் பாதி வழியில வீட்டுக்கு அனுப்ப முடியாதுல்ல?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குதித்தார்.

மறுநாள் காலை, ஆனியில் ஓய்வு பெற வேண்டிய பதினேழு பேர், ஆளுக்கொரு காகிதத்தோடு பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். வயதில் மூத்தவரை முதலில் விட்டோம்.