குனிந்த தலை நிமிராமல் எடுத்த படம்

செங்கோடக் கவுண்டருக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. பாழுங்கிணற்றில் இறங்கப் பயமில்லை. போட்டோக்காரனைக் கண்டால் மட்டும் கிணத்துக்கடவு எல்லை வரைக்கும் ஓடிவிடுவார். ஓட்டம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தென்னந்தோப்பில் வேலை கிடக்கிறது என்பார். போட்டோக்காரன் வருகிற நாளில் மட்டும்தான் அந்த வேலை கிடக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அண்ணன் ஒருதரம் கோயமுத்தூருக்குப் போய், இரவல் கோட்டு மாட்டி, அட்டைத் தூணில் கை ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டார். படம் வீடு வந்து சேருவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். வாந்திபேதி என்று ஊருக்கே தெரியும். அந்த வருஷம் படமே எடுக்காத பதினோரு பேரும் அதே நோயில்தான் போனார்கள். ஆனால் கவுண்டரிடம் அந்தப் பதினோரு பேர் பேச்சு எடுபடாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும், அவ்வளவுதான்.

அவர் மனைவி நாச்சியம்மாளுக்கோ புருஷனின் படம் ஒன்று வேண்டியிருந்தது. மகள் ராசாத்தாள் வாக்கப்பட்டுக் கொழும்புக்குப் போய் ஆறு வருஷமாகிவிட்டது. 'ஐயன் முகத்தை நினைத்துப் பார்த்தால் மீசை மட்டும்தான் வருகிறது, மற்றதெல்லாம் கலங்கிப் போகிறது' என்று கடுதாசியில் எழுதியிருந்தாள். தபால்காரரை மூன்று தரம் அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள் நாச்சியம்மாள். பெற்ற மகளுக்கு அப்பன் என்றால் வெறும் மீசையா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இந்த மனிதரைப் பிடித்து ஒரு காகிதத்துக்குள் உட்கார வைத்துக் கப்பல் ஏற்றுவது என்று.

முதல் முயற்சி முப்பத்து நாலாம் வருஷம். கோயமுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்த ரசாக் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே மூன்று கால் ஸ்டாண்டு, டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு கேமரா, கண்ணாடித் தகடுகள், கறுப்புத் துணி. ஸ்டாண்டின் கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அரை மைல் தூரத்திலேயே கவுண்டர் பார்த்துவிட்டார். எப்படியோ பிடித்து உட்கார வைத்ததில், ரசாக் துணிக்குள் தலையை விட்டபோது நாற்காலியில் ஆள் இருந்தார். துணிக்குள்ளே எல்லாம் தலைகீழாகத் தெரியும். அந்தத் தலைகீழ்க் கவுண்டரைத் தெளிவாக்கி, தகட்டைச் செருகி, துணியை விட்டு வெளியே வந்தபோது நாற்காலி மட்டும் இருந்தது.

இரண்டாவது முயற்சிக்கு மடக்குக் கேமரா. துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவரலாம். ஆனால் எத்தனை அடி தூரம் என்று குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டும், அப்புறம் கண்ணுக்கு நேராகத் தூக்க வேண்டும். ஒருவன் கண்ணுக்கு நேராக எதையாவது தூக்கினால் அது துப்பாக்கியா கேமராவா என்று யார் நின்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? கழுவிப் பார்த்த படத்தில் ஒரு கிளுவை வேலியும், அதைத் தாண்டுகிற ஒரு குதிகாலும் இருந்தன. குதிகாலும் தெளிவாக இல்லை.

முப்பத்தெட்டில் ரசாக்கின் கைக்கு ஒரு ஜெர்மன் கேமரா வந்தது. வெற்றிலைப் பெட்டி அளவுதான். எந்த லென்ஸ் படம் பிடிக்கிறதோ அதே லென்ஸ் வழியாகவே ஆளையும் பார்க்கலாம். உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருந்து, எதிரே உள்ளதை மேலே ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லில் விழவைக்கும். துணி வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம், தூக்கவும் வேண்டாம். வயிற்றோடு வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் போதும்.

கோயமுத்தூர்க் கோனியம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிய நாச்சியம்மாள் அம்மனுக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே ரசாக் வீட்டுக்குப் போய்விட்டாள். ரசாக்கின் மனைவி உம்மல் குல்சும்தான் ஆண்கள் முன்னால் வராத கோஷாப் பெண்களுக்கெல்லாம் உள்ளறையில் வைத்துப் படம் எடுப்பவள். புதுக் கேமராவை நாச்சியம்மாள் கையில் கொடுத்து, இதில் பார்க்க வேண்டுமென்றால் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும் என்று சொன்னாள்.

நாச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்த தலை நிமிராதவள் என்று முப்பது வருஷமாகப் பேர் வாங்கியவள் அவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நாலு பேர் இல்லாத நேரம் பண்ணையத்தில் ஏது? அவருடைய கால் கட்டைவிரல் நகம் எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

"ஏனம்மணி, இது எனக்குன்னே செஞ்ச பொட்டியாட்டம் இருக்குதே," என்றாள்.

குல்சும் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால், கலங்கிய தண்ணீர் தெளிவது மாதிரி ஆள் தெளிந்து வருவார். இடம் வலமாகத் தெரியும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. எந்த விசையை அமுக்க வேண்டும் என்றும் காட்டினாள். ஆனால் இப்போது அமுக்க வேண்டாம், உள்ளே இருக்கிற பிலிம் வீணாகும், படம் எடுக்கிற அன்றைக்கு அமுக்கினால் போதும் என்றாள். எல்லாவற்றையும் சொன்ன புண்ணியவதி அமுக்கினால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

திட்டம் நாச்சியம்மாளுடையது. கவுண்டரின் காங்கேயம் காளைக்குச் சந்தையில் பரிசு கிடைத்திருந்தது. காளையைப் படம் எடுக்கலாம் என்று அவளே பேச்சை எடுத்தாள். கவுண்டருக்கு வாயெல்லாம் பல். காளைக்கு ஆயுசு குறையாதா என்று அவள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டதற்கு, அது மனிதருக்கு மட்டும்தான் என்று சாத்திரம் சொன்னார்.

ரசாக் பழைய டிரங்குப் பெட்டிக் கேமராவோடு பகிரங்கமாக வந்து, மாடு கட்டுகிற கட்டுத்தரையில் ஸ்டாண்டை விரித்தார். கவுண்டர் இந்தத் தடவை ஓடவில்லை. போட்டோக்காரன் முதுகுக்குப் பின்னால் உள்ள இடம்தான் உலகத்திலேயே பத்திரமான இடம் என்று கண்டுவைத்திருந்தார். ரசாக் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். அது நாச்சியம்மாள் எதிர்பார்த்ததுதான். பக்கவாட்டில், புளியமர நிழலில், புதுக் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். தகடு வைக்கிற பெட்டி, பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி ரசாக்தான் அதைக் கொடுத்திருந்தார். கவுண்டர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பெண்சாதி தலை குனிந்து நிற்கிறாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

சில்லில் முதலில் கிடைத்தது ஒரு கொம்பு. அப்புறம் வைக்கோல் போர். அவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் சில்லில் அந்தப் பக்கம் போனார். துரத்தித் திரும்பினால் மறுபடியும் வைக்கோல் போர்தான். பெட்டிக்குள்ளும் இந்த மனிதர் ஓட்டம்தானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மனதுக்கு ஒப்பாத பக்கமாகத் திரும்பினாள். ஆள் கிடைத்தார்.

வளையத்தைத் திருகினாள். மீசை முதலில் வந்தது. அப்புறம் மூக்கு. தாடையில் ஒரு தழும்பு. புருவத்தில் நரை. அந்த நரை எப்போது வந்தது? கண்ணோரம் சுருங்கியிருந்தது. காளையைப் பார்த்து அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. கொஞ்சுகிறார்! வீட்டில் ஒரு நல்ல வார்த்தை பேச நாள் பார்க்கிற மனிதர் மாட்டைக் கொஞ்சுகிறார். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அழகாக இருக்கிறாரே என்றுதான் தோன்றியது. நாற்பத்தேழு வயதில் இது என்ன வெட்கம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். எதற்கு வந்தோம் என்பதையும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து ரசாக் இரண்டு தரம் இருமினார். அதுதான் அடையாளம். நாச்சியம்மாள் அமுக்கினாள்.

டபக் என்று ஒரு சத்தம். சில்லில் இருட்டு.

மீசை இல்லை, புருவம் இல்லை, ஆளே இல்லை. பெட்டிக்குள் அமாவாசை. இத்தனை நாள் அவள் கேலி பேசிய ஆயுசு விஷயம் முழுவதும் ஒரே நொடியில் அவள் தலையில் வந்து இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்தத் தைரியம்தான் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"செங்கோடா!"

காளை கட்டை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. ரசாக் துணியோடு துள்ளினார். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆட்கள் கடப்பாரையை விட்டுவிட்டு எழுந்தார்கள். புருஷன் பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பதால் திருச்செங்கோட்டின் பேரைக்கூட முப்பது வருஷமாக வாயில் எடுக்காதவள் அவள். பாதி ஆம்பளை பாதி பொம்பளை சாமி இருக்கிற ஊர் என்றுதான் சொல்வாள். அந்த வாயிலிருந்துதான் இந்தச் சத்தம். ஆத்தா செத்ததிலிருந்து அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கவுண்டர் சின்னப் பையன் மாதிரி "என்ன" என்று கேட்டபடி திரும்பினார்.

அதற்குள் அவள் ஓடிவந்து, பெட்டியை ரசாக் கையில் திணித்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கறீங்களா?"

"எங்கீம் போகல. ஏம்புள்ளே?"

ரசாக் விழுந்தடித்துக்கொண்டு விளக்கினார். பிலிமுக்கு வெளிச்சம் போவதற்காக உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், பிலிமை மறுபடி சுற்றினால்தான் இறங்கும், அதுவரைக்கும் இருட்டாகத்தான் இருக்கும் என்றார். சுற்றியும் காட்டினார். வெளிச்சம் வந்தது. அப்புறம்தான் தான் எதைப் போட்டு உடைத்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

கவுண்டர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஆகாததில் அவருக்கே சற்று ஏமாற்றம் மாதிரி தெரிந்தது.

"படமும் புடிச்சுபோட்டே, பேரையும் சொல்லிபோட்டே. ஒரே நாள்ல ரெண்டு சாவு."

"பேரச் சொல்லலீங்க. சாமியக் கூப்புட்டனுங்க," என்றாள் நாச்சியம்மாள்.

"சாமியக் கூப்புட்டா சாமியப் போயிப் புடிக்கோணும். என்னிய எதுக்குப் புடிச்சே?"

மகள் எழுதியதைச் சொன்னாள். மீசை மட்டும்தான் நினைவு இருக்கிறதாம் என்றாள். கவுண்டர் மீசையைத் தடவப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆத்தா மூஞ்சி மட்டும் அவளுக்கு மறக்காமயா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். "கொண்டா அந்தப் பொட்டிய."

ரசாக் பெட்டியைக் கொடுத்து வளையத்தையும் விசையையும் காட்டினார். கவுண்டர் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். பண்ணையத்துக்கே பெரியவர் பெண்சாதி முன்னால் குனிந்து நிற்கிற காட்சியைப் பார்த்து ஆட்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாச்சியம்மாள் பழக்கதோஷத்தில் தானும் குனிந்தாள். தலையை நிமிர்த்துங்கள் அக்கா, இல்லாவிட்டால் கொழும்புக்கு வகிடுதான் போகும் என்றார் ரசாக்.

நிமிர்ந்தாள். நேர் எதிரே புருஷனின் உச்சந்தலை. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. இதை யாரும் அவளிடம் சொல்லவில்லையே! சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கவுண்டர் வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் திருகினார், இந்தப் பக்கம் திருகினார், அப்புறம் கை நின்றது. கை நின்ற பிறகும் அமுக்கவில்லை. அமுக்கலாம் என்று ரசாக் இரண்டு தரம் சொன்னார்.

"இருப்பா," என்றார் கவுண்டர், தலையை எடுக்காமல். "இப்பத்தான் தெளியுது."

ஒருவழியாக அமுக்கினார். டபக் என்றது, இருட்டிற்று. ஏன் இருட்டுகிறது என்று சற்று முன்புதான் அவருக்கு விவரமாகச் சொல்லியிருந்தார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது.

"புள்ளே?"

"இருக்கறனுங்க," என்றாள் நாச்சியம்மாள். "சுத்துங்க."