ஊதாத் தாடிக்காரர்

எளாவூரில் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டிய மாடிவீட்டில் குணா குடியிருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை. கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. மனைவி நர்மதாவுக்குப் பள்ளிப்பட்டு.

குணாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ‘நெப்டியூன் படை’ என்று ஒரு கார்ட்டூன் ஓடும். அதில் வருகிறவர்களின் பொம்மைகளை முதல் சம்பளம் வாங்கியதிலிருந்து சேர்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். கையும் காலும் மடங்கும். ஹாலில் கண்ணாடி அலமாரி செய்து, மேல்தட்டில் கேப்டன் ரோவனையும் அவன் ஆட்களையும், கீழ்த்தட்டில் வில்லன் டாக்டர் மோர்க்கையும் அவன் கூட்டத்தையும் நிறுத்தி வைத்திருந்தான். மோர்க்குக்கு மார்புவரை தொங்கும் ஊதாத் தாடி. நிலாக்களை வெடிவைத்துத் தகர்ப்பதுதான் கதையில் அவன் வேலை.

நர்மதா வந்த முதல் வாரமே குணா சொல்லிவிட்டான். “ஊட்ல எதை வேணா மாத்து. அந்த அலமாரிய மட்டும் தொடாத.”

“சரிங்க” என்றாள்.

சில மாதம் கழித்து ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், மோர்க் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். லாரி போகும்போதெல்லாம் அந்த வீட்டு ஜன்னல் கடகடக்கும். அந்த அதிர்வில் திரும்பியிருக்கும் என்று நினைத்து, நேராக்கி, காலுக்கடியில் ரப்பர் துண்டு வைத்தான். அடுத்த வாரம் மோர்க் உட்கார்ந்திருந்தான். ஒரு காலை மடக்கி, முட்டிமேல் கையை வைத்து, சாவகாசமாக.

குணா கிட்டே போய்ப் பார்த்தான். லாரி பொம்மையைத் திருப்பலாம். உட்கார வைக்குமா? அதுவும் மோர்க்கின் முட்டி இறுகிப்போன முட்டி. உடைந்துவிடும் என்று இத்தனை வருஷத்தில் குணாவே அதை மடக்கிப் பார்த்ததில்லை.

“நர்மதா, நீ இத எடுத்தியா?”

“தூசு தொடைச்சேன்.”

“உக்கார வெச்சியா?”

“எவ்ளோ நேரம்தான் நின்னுக்கினே இருப்பாரு?”

குணாவுக்குச் சிரிப்பு வந்தது. கோபப்பட வேண்டும் என்றும் தோன்றியது. எதைச் செய்வது என்று தெரியாமல், “பாத்து மடக்கு, ஒடஞ்சிரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

அந்தச் சமயத்தில்தான் ஜெனிபரிடமிருந்து மெசேஜ் வந்தது. ஜெனிபர் திருவள்ளூரில் அக்கவுண்டன்ட். பொம்மை சேர்க்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் பழக்கம். குணாவிடம் இல்லாத ஒரே பொம்மை பைலட் லாரா. எங்கெங்கோ தேடியும் கிடைக்காதது அவளிடம் இரண்டு இருந்ததாம். ஒன்றைத் தருகிறேன், பதிலுக்கு மோர்க்கைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். அவள் சேர்ப்பது வில்லன்களை மட்டும்.

குணா யோசிக்கவே இல்லை. ‘வாங்க’ என்று அனுப்பிவிட்டான். நர்மதாவிடம், “ஞாயித்துக்கெழம ஒரு ஃப்ரெண்டு வராங்க, பொம்மை பாக்க” என்று சொன்னான். மாற்றிக்கொள்வதைப் பற்றிச் சொல்லவில்லை. மறைத்தான் என்று இல்லை. அவளிடம் சொல்ல வேண்டிய விஷயமாக அது தோன்றவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிபர் ஸ்கூட்டியில் பெரியபாளையம் வழியாக வந்து சேர்ந்தாள். நாஷ்டா முடிந்ததும் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தாள். மஞ்சள் ஹெல்மெட், வெள்ளிச் சட்டை. லாராதான். குணா அவளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயின்ட் ஒரு இடத்தில்கூடப் பெயரவில்லை. அப்புறம் எழுந்து அலமாரியைத் திறந்தான்.

கீழ்த்தட்டில் மோர்க் இல்லை.

மேல்தட்டிலும் இல்லை. குனிந்து அலமாரிக்கு அடியில் பார்த்தான். ஜெனிபரும் குனிந்தாள்.

“நர்மதா! இங்க ஒரு பொம்மை இருந்துச்சே, தாடி வெச்சது?”

“இங்க இருக்காரு” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அங்கே ஜன்னல் மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், அடுப்பைப் பார்த்தபடி மோர்க் உட்கார்ந்திருந்தான்.

“இங்க இன்னாத்துக்கு வெச்ச?”

நர்மதா கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்க வேலைக்குப் போனதும் இங்க கொண்டாந்து வெச்சிப்பேன். நீங்க வர்ற நேரத்துக்குத் திருப்பி வெச்சிடுவேன். நேத்து மறந்துட்டேன்.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

“பேசிக்கினு சமைப்பேன். எங்க பெத்தநைனா இவரு.”

குணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே வந்து நின்ற ஜெனிபருக்கும் புரியவில்லை. நர்மதா அவளைப் பார்த்து, “எங்கப்பாவோட அண்ணன்க்கா. எங்க பக்கம் பெத்தநைனான்னுதான் கூப்புடுவோம்” என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வரப்புத் தகராறில் அப்பாவும் பெத்தநைனாவும் பேச்சை விட்டுவிட்டார்கள். அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் கல்யாணத்துக்கு வரவில்லை. இவள் போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

“ஆனா இவன் கெட்டவனாச்சே” என்றாள் ஜெனிபர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். “நிலாவெல்லாம் வெடிவைப்பான்.”

“யாருக்கா சொன்னது? கோவம் வரும். கெட்டவரெல்லாம் இல்ல.”

குணா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பெத்தநைனா என்று ஒருவர் இருப்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும். கல்யாண ஆல்பத்தில் யார் இல்லை என்று அவன் யோசித்ததே கிடையாது. அதைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும் என்று வாயெடுத்தான். வந்தது வேறு.

“இவங்க இத வாங்கத்தான் வந்தாங்க. மாத்திக்கிறதா பேசிட்டோம்.”

நர்மதா அவனைப் பார்த்தாள். பிறகு மேடையிலிருந்து பொம்மையை எடுத்து, முந்தானையால் துடைத்து, ஜெனிபரிடம் நீட்டினாள்.

“எடுத்துக்குங்கக்கா. எங்க ஊட்டுக்காரரு பொருள்தானே.”

“வேணாம்னா விட்டுடலாம் குணா. எனக்கு அவசரமில்ல” என்றாள் ஜெனிபர்.

“அய்யய்யோ, சொன்னது சொன்னதுதான்” என்றாள் நர்மதா. “இருந்து சாப்ட்டு போங்க, கொழம்பு ஆயிடுச்சு.”

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஜெனிபர் குழம்பு நன்றாக இருக்கிறது என்று பலமுறை சொன்னாள். மோர்க் ஸ்கூட்டி டிக்கியில் ஏறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தான்.

அன்று மாலை குணா லாராவை ரோவன் பக்கத்தில் நிறுத்தினான். படை முழுமையாகிவிட்டது. இதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தான்! குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தான். அப்படி எதுவும் இல்லை. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டான். பாராட்டுகள் வந்தன. படித்தான்.

“கோவமா?” என்று நர்மதாவைக் கேட்டான்.

“இல்லியே.”

உண்மையாகவே இல்லையா, இருந்தும் இல்லை என்கிறாளா? முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் எப்போதும் போலப் பேசினாள், சிரித்தாள், டிபன் கட்டிக் கொடுத்தாள். அலமாரிப் பக்கம் மட்டும் வருவதில்லை. பொம்மைகள் வைத்தது வைத்தபடி நின்றன. வேலை முடிந்து வந்ததும் குணா முதலில் அலமாரியைத்தான் பார்த்தான். எது திரும்பியிருக்கிறது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. யாரும் அசையவில்லை. அவன் ஆசைப்பட்டது இதைத்தான். பின்னே ஏன் பேஜாராக இருக்கிறது?

வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளடிக்கும், மூட்டு இறுகினால் வெந்நீரில் முக்க வேண்டும், ஒட்டிய கையை ஃபெவிக்விக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிப் பொம்மை சேர்த்ததில் அவன் கற்றுக்கொண்டது நிறைய. இதற்கு என்ன செய்வது என்று அந்தப் பாடம் எதிலும் இல்லை.

ஜெனிபருக்குப் போன் போட்டு, மோர்க்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

“நானே தரலாம்னு நர்மதாவுக்குப் போன் பண்ணேன் குணா. வேணாம்னுட்டாங்க. பொம்மைக்குப் போயி இன்னாத்துக்குக்கா இவ்ளோன்னு சிரிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது.

அடுத்த வார லீவு நாளில் குணா, “கெளம்பு, பள்ளிப்பட்டு போலாம்” என்றான்.

“அப்பா ஊட்டுக்கா?”

“உங்க பெத்தநைனா ஊட்டுக்கு.”

அவள் வேண்டாம் என்றாள். பிறகு போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். திருவள்ளூரில் ஒரு பஸ், திருத்தணியில் ஒரு பஸ் என்று மாறி, வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள்.

கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். குட்டையான, ஒல்லியான மனிதர். முகத்தில் ஒரு முடி இல்லை. நன்றாக மழித்த, சிரித்தாற்போன்ற முகம். குணா அவருக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

“இவரா?” என்று நர்மதாவின் காதில் கேட்டான்.

“இவருதான்.”

“தாடியே இல்லியே?”

“எப்பவுமே கெடையாது.”

“அப்புறம் எப்படி அந்தப் பொம்மைய...”

“தெரில. அவரு மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்.”

வீரராகவன் என்ற அந்த மனிதர் அவளைப் பார்த்து, “மெலிஞ்சிட்டியேம்மா” என்றார். அப்புறம் கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசினார். சாப்பாடு போட்டார். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குணாவிடம் அவர் நேராகப் பேசியது புறப்படும்போதுதான்.

“அடுத்த தபா வர்றப்ப முன்னாடியே சொல்லு மாப்ள. கோழி அடிக்கலாம்.”

இது சமாதானமா, சாப்பாட்டோடு முடிந்ததா? பஸ்ஸில் குணா அதைக் கேட்கத் திரும்பினான். நர்மதா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கையைப் பிடித்தான். திரும்பினால் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணும் நனைந்திருந்தது.

“இன்னாச்சு?”

“தாடியே இல்லியேன்னு கேட்டீங்களே, அத நெனச்சேன்.”

மறுநாள் குணா டிவி மேல் எப்போதும் கிடக்கும் அலமாரிச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தான். “இனிமே நீயே எப்படி வேணுமோ வெச்சிக்கோ.”

“எனக்கு எதுக்கு? உங்க பொம்மைங்க.” சாவியை டிவி மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை. தானே அலமாரியைத் திறந்தான். படையிலிருந்து லாராவைத் தனியாக எடுத்தான். மேல்தட்டில் வைத்தான்; சரியில்லை. கீழ்த்தட்டில் வைத்தான், அதுவும் சரியில்லை. கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் போய் நின்றான்.

“நர்மதா, இவ யாரு?”

நர்மதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பொம்மையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஹெல்மெட்டை விரலால் தடவினாள்.

“தெரிலீங்க” என்றாள். “இப்பதானே வந்திருக்கா. கொஞ்ச நாள் போவட்டும்.”