பக்கத்து வீட்டு அத்தை

காலையில் ரப்பர் தோட்டத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்போம். முருகையா வீட்டில் அது சாயங்காலமும் நடக்கும். மகள் நீலாவதியை வாசலில் நிறுத்தி, தன் பெண்டாட்டி மயிலம்மாளைக் காட்டுவான்.

"இது யாரு?"

"பக்கத்து வீட்டு அத்த."

"ஒங்கம்மா எங்க?"

"செத்துப் போயிட்டாங்க."

எட்டு வயசுப் பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டாது. அடுத்த கதவு என்னுடையது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் போய்க் கத்தினேன்.

"அடப்பாவி, குத்துக்கல்லாட்டம் நிக்கிறவள சாகடிக்கிறியே!"

"என்ன என்னக்கா செய்யச் சொல்ற? பஞ்சாலைய புடிக்க ஜீப்பு வந்தப்ப, அம்மான்னு கத்திக்கிட்டு ஓடிக் காட்டிக் குடுத்தது அவ பெத்த புள்ளதானே?"

பஞ்சாலையும் மயிலம்மாள் மாதிரிதான். கடல்கடந்து ஊரிலிருந்து விசிட் பாஸில் இந்த நாட்டுக்கு வந்து, கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டவள். முன்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. அறுபத்தொன்பது கலவரத்துக்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவர்களிடம் பெர்மிட் கேட்கும் சட்டம் வந்ததும், பாஸ் முடிந்தவர்களைப் பிடித்துக் கப்பலேற்ற ஆரம்பித்தார்கள். ஜீப் வந்த அன்று பஞ்சாலை எங்களோடு கூட்டத்தில் நின்றாள். அவள் மகன்தான் ஓடிவந்து முந்தானையைப் பிடித்தான். அவள் போய்விட்டாள். அந்தப் பயல் இன்னமும் தூக்கத்தில் பாயை நனைக்கிறான்.

அதனால் நானும் அந்தப் பாழாய்ப்போன பெரட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒரு நாள் பைப்படியில் நீலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தொட்டால் உடம்பு கொதிக்கிறது.

"எப்பலேருந்துடி?"

"முந்தாநாள்லேருந்து பெரியம்மா. சொல்லிறாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அத்தகிட்ட கார்டு கேப்பாங்களாம்."

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் வலது பக்கம் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது. "உடனே டவுனுக்குக் கொண்டு போங்க. நிக்காதீங்க."

முருகையா ரப்பர் லாரியோடு கிள்ளானுக்குப் போயிருந்தான். என்னிடம் குடியுரிமை நீலக் கார்டு இருக்கிறது, பிறப்புப் பத்திரத்தைக் கொடு, நான் கொண்டு போகிறேன், நீ வீட்டிலேயே இரு என்று மயிலம்மாளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். டாக்ஸியில் எனக்கு முன்னால் அவள்தான் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். அவரைப் பார்த்ததும் பிள்ளை அம்மாவின் கையை உதறிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது.

குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடித்தால் உயிருக்கு ஆபத்து, இப்போதே வெட்டியாக வேண்டும் என்றார் டாக்டர். பெற்றவர்கள் கைநாட்டு வேண்டும். காகிதத்தை நீட்டிய நர்ஸ் மிஸ்ஸி நம் தமிழ்ப் பெண்தான்.

"இதுல யாரு அம்மா?"

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டது.

"அம்மா செத்துப் போயிட்டாங்க. இவங்க பக்கத்து வீட்டு அத்த."

"நாந்தாம்மா பெத்தவ," என்றாள் மயிலம்மாள்.

"ஆமாம்மா, சத்தியமா இவதான்," என்றேன் நான்.

மிஸ்ஸி குழம்பிப் போனாள். "புள்ள இல்லங்குதே? பொறப்புப் பத்திரத்துல மயிலம்மாள்னு இருக்கு. நீங்கதான் அதுன்னு காட்ட ஏதாச்சும் குடுங்க. சீக்கிரம்."

மயிலம்மாள் தள்ளுகட்டில் மேல் குனிந்தாள். "அம்மான்னு சொல்லு கண்ணு. இன்னிக்குச் சொல்லலாம்."

பிள்ளை போலீஸ்காரரைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தது.

"எனக்கு இப்ப வலிக்கல அத்த. வீட்டுக்குப் போயிருவோம்."

மயிலம்மாள் அதற்குமேல் தயங்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, துணியில் சுற்றி வைத்திருந்த பாஸ்போர்ட்டை மேசையில் போட்டாள். மையில் கட்டைவிரலைத் தேய்த்துக் காகிதத்தில் அழுத்தினாள். மிஸ்ஸி பக்கத்தைப் புரட்டினாள், பாஸ் முடிந்த தேதியைப் பார்த்தாள், சட்டென்று மூடினாள். பெஞ்சிலிருந்த போலீஸ்காரர் என்ன கலாட்டா என்று எழுந்து வந்தார். வந்தவர் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தார்.

கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளை தலையைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டது.

"அத்த! ஓடிருங்க அத்த! ஓடிருங்க!"

மயிலம்மாள் ஓடவில்லை. மை காயாத கையோடு, கதவு சாத்துகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். பக்கத்தில் நான் நின்றேன். யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.