சமையலறைக்கு ஒரு ஜன்னல்

அந்த வீடு விற்பனைக்கு வந்து ஒரு வருடமாகியும் விலைபோகவில்லை. காரணம் அங்கே குடியிருந்த தையல்காரம்மாதான் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. வாங்க யார் வந்தாலும் அவள் வாய் நிறைய வரவேற்று, நேரே சமையலறைக்கு அழைத்துப்போவாள். விளக்கை மட்டும் போடமாட்டாள்.

"பட்டப்பகல்லயே லைட்டு போட்டாத்தாங்க உப்பு எது, சர்க்கரை எதுன்னு தெரியும். மத்தபடி வீடு தங்கம்."

அவள் பொய் சொல்வதில்லை. உண்மையைக் கொஞ்சம் முந்திக்கொண்டு சொல்வாள், அவ்வளவுதான். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீடு விற்றுப்போனால் இவர்கள் காலிசெய்ய வேண்டும். இந்த வாடகைக்கு வேறு வீடு யார் தருவார்கள்?

அவளுடைய மகள் எட்டாம் வகுப்பு படித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அறிவியல் டீச்சர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். அவரவர் வீட்டை அளந்து, ஒரு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்ற கணக்கில் அட்டையில் மாதிரி வீடு செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் குறை ஒன்றை அந்த மாதிரியில் சரிசெய்தும் காட்ட வேண்டும்.

குறையைத் தேடி வாலு அலையவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்! தையல் டேப்பை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் அளந்தாள். அட்டை வீட்டில், பின்னால் சந்து இருக்கும் பக்கத்துச் சமையலறைச் சுவரில் அகலமாக ஒரு ஜன்னல் வெட்டினாள். முதல் தடவை கூரை அந்த இடத்தில் தொங்கிப்போனது. ஜன்னலுக்கு மேல் ஐஸ் குச்சிகளைக் குறுக்கே ஒட்டியதும் நிமிர்ந்துகொண்டது. டீச்சர் கூரைமேல் தடித்த அகராதியை வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் டார்ச் அடித்தும் பார்த்தார். வெளிச்சம் ஹால் வரை வந்தது. வாலுவுக்குத்தான் முதல் பரிசு.

பரிசு பெற்ற வீட்டை அம்மாவே ஹால் மேஜையில், நுழைந்ததும் கண்ணில் படும்படி வைத்தாள். பெருமை யாரை விட்டது!

அடுத்த வாரம் பல் டாக்டரம்மா ஒருத்தி வீடு பார்க்க வந்தாள். வழக்கப்படி அம்மா அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய் உப்பு, சர்க்கரைக் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பியவள், மேஜையைப் பார்த்து நின்றாள்.

"இது இந்த வீடுதானே? இதுல ஜன்னல் இருக்கே!"

"அது பிள்ளைங்க விளையாட்டுங்க" என்றாள் அம்மா அவசரமாக.

"விளையாட்டு இல்ல, ஆன்ட்டி" என்று வாலு ஓடிவந்தாள். "பின்னாடி சந்து. எந்த வீடும் மறைக்காது. காலையில நேரா வெயில் வரும்."

அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். இன்னும் விளக்கமாகச் சொல்லச் சொல்கிறாள் என்று வாலு புரிந்துகொண்டாள். ஐஸ் குச்சி பாரம் தாங்கும் விதத்தைக்கூட விடவில்லை. டாக்டரம்மா கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல் குனிந்து, மாதிரி வீட்டின் அறை அறையாக அடித்துப் பார்த்தாள்.

"ஒரே ஒரு ஜன்னல்தானா பிரச்சினை?" என்றாள்.

அந்த வாரமே முன்பணம் கைமாறியது. வீட்டுக்காரர் இனிப்போடு வந்து, "உங்க பொண்ணு ராசிக்காரிங்க" என்று வாலுவின் தலையைத் தடவிவிட்டுப்போனார். அப்பா வாடகை வீடு தேடக் கிளம்பினார். வாலு அழுது தீர்த்தாள். அம்மா திட்டவில்லை; அதுதான் வாலுவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மாவுக்குக் கிடைத்த கொத்தனாருக்கு அப்போதுதான் நேரம் ஒழிந்திருந்தது. பத்திரம் பதிவானதும், இவர்கள் காலிசெய்யும் முன்பே வந்து சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். தூசி அடங்கியதும் அம்மா உள்ளே போனாள். சுவர் மஞ்சள் நிறம் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

"சாரிம்மா" என்றாள் பின்னால் வந்த வாலு.

"சும்மா இருடி. இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்காரர்கிட்ட ஒரு ஜன்னல் வச்சுத் தாங்கன்னு ஒரு தடவை கேட்டிருப்பேனா?"

"கேட்டிருந்தா வச்சிருப்பாரா?"

"யாருக்குத் தெரியும்? அந்த மெஷினை ஒரு கை பிடி."

இருவருமாகத் தையல் மெஷினை இழுத்துவந்து ஜன்னலடியில் போட்டார்கள். மிச்சமிருந்த நாட்களில் அம்மா அங்கே உட்கார்ந்துதான் தைத்தாள். அப்பா அடுப்பை ஹாலுக்குத் தூக்கிப்போய், கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே சமைத்தார்.