காகிதக் கதவில் ஒரு விரல்

மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம். விவாகரத்துக்குப் பிறகு என் மகள் சுசுனாவோடு எனக்கு வாய்த்தது அவ்வளவுதான். போன தடவை ஐஸ்கிரீம் அதிகமாகி அவளுக்கு வயிறு கெட்டுப்போனது. அதற்கே அவள் அம்மா மசாயே இரண்டு மாதம் பார்க்க விடவில்லை. "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா இத்தோட நிறுத்திக்கலாம்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் ஆபத்தில்லாத இடம் என்று கலை அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் மூளை அப்படி.

ஓவியக் கூடத்துக்குப் பின்னால் பழைய எண்ணெய் வியாபாரி ஒருவரின் வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறையில் உட்கார்ந்தோம். மரச் சட்டத்தில் மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒட்டிய கதவுகள் அந்த அறைக்கு. சுசுனா என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் அப்பன் அந்நியனாகிவிடுகிறான். எப்படியாவது அவளைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று தவித்தேன்.

"சின்ன வயசுல அப்பா என்ன பண்ணுவேன் தெரியுமா? விரல்ல எச்சில் தொட்டு இந்த மாதிரி காகிதக் கதவுல வெச்சு அழுத்துவேன். சத்தமே வராது. ஓட்டை வழியா சித்தியை வேவு பாப்பேன்."

கிளுகிளுவென்று சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில் தோட்டத்தைப் படம் எடுக்கத் திரும்பினேன். அடுக்குமாடியில் வளர்கிற பிள்ளை, காகிதக் கதவைத் தொட்டே பார்த்ததில்லை. மறுபடி பார்த்தபோது அவள் விரல் கதவுக்குள் இருந்தது.

"அப்பா, நிஜமாவே சத்தம் வரல!"

அவள் விரலை மெல்ல வெளியே இழுத்தேன்.

அங்கே காவலுக்கு இருந்த நிஷிகோரி அம்மாள் படிவத்தோடு வந்தார். "பெரிசா ஒண்ணுமில்லைங்க. குழந்தையோட காப்பாளர் பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுங்க. ஆபீஸ்லேர்ந்து ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லுவாங்க."

சட்டப்படி காப்பாளர் மசாயே. அந்த ஒரு வார்த்தை போதும், என் ஞாயிறு போய்விடும்.

"ஓட்டை போட்டது நான்தான்" என்றேன்.

அவர் ஓட்டையைப் பார்த்தார். பட்டாணி அளவு, என் முழங்கால் உயரத்தில். "நல்லாத்தான் குனிஞ்சிருக்கீங்க. எச்சில்கூட இன்னும் காயல. இந்த வயசுலயுமா?"

"ஆமாங்க. புத்தி கெட்டுப்போச்சு. மன்னிக்கணும்." பாயில் நெற்றி படக் குனிந்தேன்.

பெருமூச்சு விட்டு என் பெயரையே எழுதிக்கொண்டார். பிறகு வெள்ளைக் காகிதத்தில் பூ ஒன்று வெட்டி ஓட்டையின் மேல் ஒட்டினார்.

வெளியே வந்ததும் சுசுனாவின் தோளைப் பிடித்தேன். "அம்மாகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா அப்பாவைப் பாக்க விடமாட்டாங்க. புரியுதா?"

தலையாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள். ஓவியங்களை எட்ட நின்றே பார்த்தாள். பயறு வைத்த பன் வாங்கி நீட்டினேன், வேண்டாம் என்றாள். படியில் கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. நானோ மணியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் மசாயே நின்றிருந்தாள். "எல்லாம் சரியா நடந்துதா, மோரிவாகி-சான்?" எட்டு வருடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், இப்போது அடுத்த வீட்டுக்காரனை விசாரிப்பதுபோல் குடும்பப் பெயரோடு 'சான்' என்று மரியாதையும் சேர்த்து அழைக்கிறாள்.

நான் வாய் திறப்பதற்குள் சுசுனா முந்திக்கொண்டாள். "ஒண்ணும் நடக்கலம்மா. நான் எதையும் தொடல."

மசாயேவுக்குத் திருப்தி. "அப்போ அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு" என்றாள்.

பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன். சுசுனா என் பக்கத்தில் வந்தாள். அக்குளிலிருந்து கைகளை எடுக்காமல், அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"அப்பா, அடுத்த தடவை உடையற மாதிரி எதுவுமே இல்லாத இடத்துக்குப் போலாம்ப்பா."